காற்றாடியை முதலில் வாங்குங்கள்

பினாங்குத் தீவின் பாயான் பாருவிலிருந்து தெலுக் கும்பார் வழியாகப் பாலிக் பூலாவ் போகிற பாதையில் கெந்திங் மேடு வருகிறது. காரில் போகிறவருக்கு அது சில வளைவுகள், அவ்வளவுதான். சைக்கிளில் ஏறுகிறவருக்கு, தன் உடம்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும் இடம். ஒரு காலத்தில் கூட வருகிறவரிடம் பேசிக்கொண்டே ஏறிய அந்த மேட்டில், இரண்டு ஆண்டுகள் சைக்கிளைத் தொடாமல் இருந்துவிட்டுப் போன வருடம் ஏறப் பார்த்தேன். பாதியில் இறங்கிவிட்டேன். காலில் வலி இல்லை. மூச்சுதான் போதவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கும் டிரெய்னர் ஒன்றை வாங்குவது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

தீவைச் சுற்றி வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர் அருமையான சாலை இருக்கும்போது, குவீன்ஸ்பே பக்கம் கடலோரமாகச் சைக்கிள் பாதையே இருக்கும்போது, எதற்காக அறைக்குள் மிதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர் வீடு வந்து சேர்வது இரவு பதினொன்றுக்கு. மாலையில் மழை. 2015-லும் 2019-லும் வந்ததுபோல் புகைமூட்டம் வந்துவிட்டால் வெளியில் மூச்சை இழுத்துவிட்டு ஓட்டுவதே கேடு. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பலருக்கு டிரெய்னரை அறிமுகப்படுத்தியது. இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. இழந்த உடல்வலிமையை மீட்க, மருந்தைப் போல அளவோடும் தவறாமலும் உழைக்க வேண்டும். சாலையில் சிக்னலும் இறக்கமும் லாரியும் அந்த அளவைக் கலைத்துவிடும். அறைக்குள் அளவு நம் கையில் இருக்கிறது.

டிரெய்னரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எதை இழந்தோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1984-இல் எட்வர்ட் கொய்ல் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் கடுமையாகப் பயிற்சி செய்துவந்த ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி, 84 நாள் வரை அளந்துகொண்டே வந்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் 21 நாளில் 7 விழுக்காடு விழுந்தது. 56-ஆம் நாளில் 16 விழுக்காடு விழுந்து, அங்கேயே நின்றது. முதலில் விழுந்ததற்குக் காரணம் இதயம். ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளுகிற இரத்தத்தின் அளவு குறைந்துபோனது. அதற்குப் பிறகு தசைக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம்கள் வற்றின.

அந்த ஆய்வில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அவர்கள் கண்ட வேறொன்று. தசையிழைகளைச் சூழ்ந்திருக்கும் தந்துகிகள், அதாவது மயிரிழையை விடவும் மெல்லிய இரத்தக் குழாய்கள், அந்த 84 நாளிலும் குறையவே இல்லை. வருடக்கணக்கில் ஓட்டி உருவாக்கிய வாய்க்கால்கள் அப்படியே இருந்தன. வாய்க்காலில் ஓடும் தண்ணீர்தான் குறைந்திருந்தது. மூன்று மாதம் விட்டுவிட்டுத் திரும்புகிறவர் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை.

நீண்ட காலம் விட்டவர்களுக்கும் ஆறுதல் உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்து மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது என்று தெரிந்தது. 50 வயதான அவர்கள் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்தார்கள். அந்த முப்பது வருட இழப்பு மீண்டுவிட்டது.

தந்துகிகளைப் பற்றிப் பேசும்போது டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக்கை விட்டுவிட முடியாது. உழைக்கும் தசையில் தந்துகிகள் எப்படித் திறந்துகொள்கின்றன என்பதை விளக்கியதற்காக 1920-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மனித உழைப்பைத் துல்லியமாக அளப்பதற்காக, மின்காந்தத்தால் தடை கொடுக்கும் சைக்கிள் ஒன்றை 1913-இலேயே கோபன்ஹேகனில் உருவாக்கினார். இன்று கடையில் ஸ்மார்ட் டிரெய்னர் என்று விற்கிறார்களே, அது குரோக்கின் அந்தக் கருவியின் வாரிசு. புளூடூத்தும் திரையும் பிறகு வந்து சேர்ந்தவை.

டிரெய்னர் எப்படித் தடை கொடுக்கிறது என்பதில்தான் விலை வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை அப்படியே வைத்து மிதிக்கும் ரோலர் மிகப் பழையது. எதிலும் பிணைக்காமல் ஓட்டுவதால் சமநிலையைக் கற்றுக்கொடுக்கும். விட்டுத் திரும்புகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்த உடம்பு தடுமாறும்போது பக்கத்துச் சுவர் வெகு அருகில் இருக்கும். அடுத்தது, பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் அழுத்தி வைக்கும் வகை. அந்த உருளையோடு ஓர் உலோகத் தட்டு சுழலும். அதன் அருகே காந்தம் இருக்கும். நகரும் உலோகத்தில் காந்தம் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும்; அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். லென்ஸ் விதி என்று பள்ளியில் படித்தோமே, அது காலுக்கடியில் வேலை செய்கிறது. இந்தக் காந்த பிரேக்கில் உராய்வு இல்லை, தேய்மானம் இல்லை. நாம் மிதித்த சக்தியில் பெரும்பகுதி தட்டில் வெப்பமாக மாறுகிறது.

அந்த வெப்பத்தால் ஒரு தொல்லையும் உண்டு. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும். அலுமினியத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு. தட்டு 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடி, பிரேக்கின் பிடி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். அதே கியர், அதே வேகம்; ஆனால் அரைமணி கழித்து நாம் செய்வது குறைந்த வேலை. சிலிக்கோன் எண்ணெய்க்குள் விசிறி சுழலும் வகையிலும் எண்ணெய் சூடாகி இளகும்போது இதே சிக்கல் வரும். இப்படிப்பட்ட டிரெய்னரில் ஓட்டிவிட்டு, முதல் பத்து நிமிடத்தைவிடக் கடைசிப் பத்து நிமிடம் சுலபமாக இருந்தது என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

விலை உயர்ந்தவை டைரக்ட் டிரைவ் வகை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் சட்டத்தையே டிரெய்னரில் பொருத்தி, செயினை அதன் பல்சக்கரத்தில் மாட்டிவிடுவது. டயர் வழுக்காது, தேயாது, இரையாது. உள்ளே மின்காந்தம் இருப்பதால் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துத் தடையை மாற்றலாம். சூட்டால் வரும் பிழையைக் கருவியே திருத்திக்கொள்ளும். நாம் செலுத்தும் திறனை 1 அல்லது 2 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்வதாக நல்ல ரகங்களின் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஸ்விஃப்ட் போன்ற செயலியோடு இணைத்தால் திரையில் மலை ஏறும்போது காலிலும் மலை ஏறும். இது விளையாட்டுச் சாமான் அல்ல. 2020 டிசம்பரில் அனைத்துலகச் சைக்கிளோட்ட ஒன்றியம் இந்த முறையில் முதல் உலக வெற்றியாளர் போட்டியையே நடத்தியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர்.

கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது 2000 வாட், 20 விழுக்காடு ஏற்றம் என்ற எண்கள்தான். நம் டுங்குன் மண்ணின் மைந்தர் அசிசுல்ஹஸ்னி அவாங், 2017-இல் கெய்ரின் சைக்கிளோட்டத்தில் உலக வெற்றியாளர், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வென்றவர். அவரைப் போன்ற விரைவோட்டக்காரர்களுக்கு அந்த எண்கள் பொருந்தும். விட்டுத் திரும்புகிற நடுவயதுக்காரருக்கு முதல் மாதத்தில் தேவைப்படுவது 100 முதல் 150 வாட். 2000 வாட் என்ற எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

காசு கொடுக்கத் தகுந்தது ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம். சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்த ஓட்டத்தில் ஏறக்குறைய 2,800 ஜூல் சக்தி சேர்ந்திருக்கும். மிதி உச்சிக்கும் அடிக்கும் வரும்போது கால் தள்ள முடியாத அந்த நொடிப்பொழுதை இந்தச் சேமிப்புதான் கடத்திவிடுகிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராக இறங்கினால் சேமிப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். மேட்டில் ஒவ்வொரு மிதியும் கல்லைத் தள்ளுவதுபோல் இருப்பது அதனால்தான். டிரெய்னரில் இந்தச் சேமிப்பைத் தருவது ஃபிளைவீல்; அது சின்னதாக உள்ள டிரெய்னரில் மிதிப்பது நாள் முழுக்கக் கெந்திங் மேட்டில் இருப்பது மாதிரி. முழங்கால் பழகாதவருக்கு அது ஆகாது.

ஸ்மார்ட் டிரெய்னர்களில் எர்க் என்றொரு முறை உண்டு. 150 வாட் என்று வைத்துவிட்டால், எவ்வளவு வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் 150 வாட்டிலேயே பிடித்து வைக்கும். அளவோடு உழைக்க இதைவிட நல்ல வழி இல்லை, ஓர் எச்சரிக்கையோடு. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும்போது 150 வாட்டுக்கு மிதியின் மேல் சராசரியாக ஒன்பதரை கிலோ எடைக்குச் சமமான விசை போதும். களைத்துப்போய் 45 சுற்றுக்கு இறங்கினால் கருவி விடாது. விசையை இரட்டிப்பாக்கி 19 கிலோ கேட்கும். அந்தக் கனத்தில் கால் இன்னும் மெதுவாகும், கருவி இன்னும் கேட்கும், கடைசியில் மிதி அப்படியே நின்றுவிடும். சுற்று 75-க்குக் கீழே போகிறது என்று தெரிந்ததும் அளவைக் குறைத்துவிடுங்கள். முழங்காலோடு போராட வேண்டாம்.

இனித்தான் பாயான் பாருவுக்கே உரிய விஷயம். நான் முதலில் வாங்கியது பழைய காந்த டிரெய்னர். படுக்கையறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, மேலே கூரைக் காற்றாடியைச் சுழலவிட்டு மிதித்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் தரை குளமாயிற்று. கியரை மாற்றவில்லை, சுற்றை மாற்றவில்லை; ஆனால் இதயத் துடிப்பு தொடக்கத்தில் இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 கூடியிருந்தது. என் உடம்பு அவ்வளவு கெட்டுவிட்டதா என்று பயந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் குற்றம் அறையினுடையது என்று புரிந்தது.

மனித உடம்பு, சாப்பாட்டுச் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிதிக்குக் கொண்டுபோகும். மிச்சமெல்லாம் வெப்பம். மிதியில் 150 வாட் வர வேண்டுமானால் உடம்பு ஏறக்குறைய 500 வாட் வெப்பத்தை உண்டாக்கியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளியிடுவது 100 வாட் அளவுதான். அப்படியானால் அந்தச் சின்ன அறைக்குள் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பெரிய வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2,400 ஜூலைக் கொண்டுபோகும். 500 வாட்டை ஒரு மணி நேரம் ஈடுகட்ட முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். தரையில் சொட்டிய வியர்வை ஒரு துளி குளிர்ச்சியும் தராமல் வீணாகிறது.

வியர்வை ஆவியாவதற்குத் தோலின் ஈரத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் இடையே வித்தியாசம் இருக்க வேண்டும். 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்ற நம் வழக்கமான மாலைக் காற்றில் அந்த வித்தியாசம், 20 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள ஐரோப்பிய அறையோடு ஒப்பிட்டால், ஐந்தில் மூன்று பங்குதான். காற்றும் அசையாவிட்டால், உடம்பு முழுக்க நனைந்திருந்தாலும் ஆவியாதலால் வெளியேறக்கூடியது தோராயமாக 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய 200 வாட்டில் பெரும்பகுதி உடம்பிலேயே தேங்கும். முழுதும் தேங்கினால் 70 கிலோ உடம்பு இருபது நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடேறும்.

அப்போது இதயத்துக்கு இரண்டு முதலாளிகள். தசை இரத்தம் கேட்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கிறது. வியர்த்து வியர்த்து இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைய, ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. கொய்லின் ஆய்வை நினைத்துப் பாருங்கள். பயிற்சியை விட்டவர் முதலில் இழப்பது அந்த ஒரு துடிப்பின் அளவைத்தான். ஏற்கெனவே நலிந்த இடத்திலேயே வெக்கையும் வந்து அடிக்கிறது. ஐரோப்பியக் குளிரில் இருப்பவருக்கு எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால், மூன்றாம் நாளே டிரெய்னரில் துணி காயப்போடுவோம்.

சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நாமே காற்றை உண்டாக்கிக்கொள்கிறோம். அறைக்குள் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காற்றின் வேகம் நான்கு மடங்கானால் ஆவியாகும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கூரைக் காற்றாடியின் காற்று முதுகில் பரவலாக விழுகிறது, போதாது. தொழிற்சாலைகளில் தரையில் வைக்கிறார்களே, அந்தப் பெரிய காற்றாடியை முன்னால் நெஞ்சுக்கு நேராக, கை எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வையுங்கள். முடிந்தால் பின்னாலிருந்து இன்னொன்று. ஏர்கான் இருந்தால் அதையும் போடுங்கள். அது குளிர வைப்பதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. வெளியே அதன் குழாயில் சொட்டும் நீரில் உங்கள் வியர்வையும் உண்டு. காற்றாடி வந்த பிறகு, அதே பழைய டிரெய்னரில், அதே கியரில், அரைமணி மிதித்தும் என் துடிப்பு தொடக்கத்தைவிட 10-க்கு மேல் கூடவில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டையும் நினைக்க வேண்டும். டயர் உருளையில் உரசும் இரைச்சல் காற்றில் போவது, கதவைச் சாத்தினால் குறையும். தரை வழியாக இறங்கும் அதிர்வுக்குக் கதவு கிடையாது. தடித்த ரப்பர் விரிப்பு அவசியம். வியர்வை உப்பு ஹேண்டில்பாரின் உள்ளேயும் போல்ட்டுகளிலும் இறங்கி அரிக்கும். துண்டைப் போட்டு மூடுங்கள், முடித்ததும் துடையுங்கள். டைரக்ட் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் பின் அச்சு எந்த வகை, பல்சக்கரம் எத்தனை அடுக்கு என்பதைப் பார்த்துக்கொண்டு போகவும். பொருந்தாததை வாங்கிவிட்டு அலைய வேண்டாம்.

பயிற்சி முறையில் பெரிய மர்மம் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், முதலில் 20 நிமிடம், பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில். ஒரு மாதம் இப்படிப் போகட்டும். இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே ஏறத் தொடங்கும். அதனால் இரண்டாம் வாரத்திலேயே சுலபமாகத் தோன்றும். அங்கேதான் பலர் அவசரப்பட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா பெருக வாரங்கள் வேண்டும், தசைநாண் உறுதிப்பட அதைவிட அதிகம்.

என் தீர்ப்பு இதுதான். கையில் சில நூறு வெள்ளிதான் இருக்கிறது என்றால், பெரிய காற்றாடி ஒன்றும், பழைய காந்த டிரெய்னரும், இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையும் வாங்குங்கள். பல ஆயிரம் வெள்ளி செலவழிக்க முடிந்தவர் கனத்த ஃபிளைவீல் உள்ள டைரக்ட் டிரைவ் வாங்கலாம், காற்றாடியை வாங்கிய பிறகு. நான் ஐந்து மாதம் பழைய டிரெய்னரில்தான் மிதித்தேன். இந்த வருடம் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறினேன். அதற்கு அடுத்த மாதம் கெந்திங் மேட்டையும்.

இதைப் படிக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. மூன்று பெரிய இனங்களில் நம் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். மிதிக்கும் தசை இன்சுலின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் சைக்கிள் நமக்கு நல்ல துணை. ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்ந்தவர்களும் டிரெய்னரில் ஏறும் முன் ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு அதற்கான கட்டணம் 1 வெள்ளி.